ஜெர்மன் கணவர், இந்திய மனைவி, சென்னையில் மூன்று வருடம்: கிளம்பும் முன் சட்டப்படி என்னென்ன செய்து வைக்க வேண்டும்?

மஞ்சள்குருவி:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு இந்தியக் குடியுரிமை, கணவர் ஜெர்மானியர். 2020ல் சென்னையில் சிறப்புத் திருமணச் சட்டப்படி பதிவுத் திருமணம் செய்துகொண்டோம். அன்றிலிருந்து குடித்தனம் முழுக்க ஜெர்மனியில்தான். நான்கு வயதில் ஒரு மகள். இப்போது கணவருடைய கம்பெனி அவரை மூன்று வருடத்துக்குச் சென்னை அலுவலகத்துக்கு அனுப்புகிறது. மகள் தாத்தா பாட்டியோடு கொஞ்ச காலம் வளரட்டும் என்று எனக்கும் ஆசை.

எங்களுக்குள் மனக்கசப்பு எதுவும் இல்லை. ஆனால் எனக்குத் தெரிந்த ஒரு பெண் இதே போலத்தான் குடும்பத்தோடு இந்தியா போனாள். போன இடத்தில் பிரிந்தார்கள். கணவர் மட்டும் ஜெர்மனிக்குத் திரும்பி, வழக்குப் போட்டு விவாகரத்து வாங்கிவிட்டார். இவள் அந்த வழக்கில் ஆஜராகவே இல்லை. இன்றைக்கு ஜெர்மனியில் அவள் விவாகரத்தானவள், இந்தியாவில் இன்னும் மணமானவள். மறுமணமும் முடியவில்லை. அவள் படும் பாட்டைப் பார்த்த பிறகு, எதையும் விசாரிக்காமல் விமானம் ஏற மனம் வரவில்லை.

கல்யாணம் இந்தியாவில் நடந்ததால் எங்களுக்கு இந்தியச் சட்டம்தானே? மகளுக்கு ஜெர்மன் பாஸ்போர்ட் இருப்பது போதுமா? சென்னையில் அப்பா என் பேருக்கு எழுதிக் கொடுத்த ஃபிளாட் ஒன்று இருக்கிறது. இங்கே இருவரும் சேர்ந்து வாங்கிய வீடு இருக்கிறது. உயில் எதுவும் எழுதவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

எல்பேக்கரை:

வாங்க தோழி. கிளம்பும் முன்பே கேட்டது ரொம்ப நல்லது. பெரும்பாலானவர்கள் வக்கீல் நோட்டீஸ் கையில் வந்த பிறகுதான் இங்கே எழுதுகிறார்கள்.

முதல் கேள்விக்கு நேரடிப் பதில்: ஜெர்மன் நீதிமன்றத்தைப் பொறுத்தவரை, தாலி கட்டிய இடமோ பாஸ்போர்ட்டின் நிறமோ முதலில் பார்க்கப்படுவதில்லை. நீங்கள் இருவரும் உண்மையில் வாழும் இடம் எது என்பதுதான் முதல் கேள்வி. வேலை, குழந்தையின் பள்ளி, வீடு எல்லாம் எங்கே இருக்கிறதோ அதுதான் உங்கள் வழக்கமான வசிப்பிடம்.

விவாகரத்துக்கு எந்த நாட்டுச் சட்டம் என்பதை ஐரோப்பிய ஒன்றியத்தின் 'ரோம் 3' ஒழுங்குமுறை சொல்கிறது. ஜெர்மனியில் இது 2012 ஜூன் முதல் நடைமுறையில் இருக்கிறது. தம்பதிகள் எதையும் தேர்ந்தெடுக்காவிட்டால், இருவரும் இப்போது வாழும் நாட்டின் சட்டம். ஒருவர் வெளியேறிவிட்டார் என்றால், கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த நாட்டின் சட்டம். ஆனால் அந்த வாழ்க்கை முடிந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது, இருவரில் ஒருவர் இன்னும் அங்கேயே இருக்க வேண்டும்.

இதை உங்கள் நிலைமையில் வைத்துப் பாருங்கள். இன்று ஜெர்மனியில் இருக்கிறீர்கள், ஜெர்மன் சட்டம். சென்னையில் இரண்டு வருடம் வாழ்ந்த பிறகு பிரிகிறீர்கள், உங்கள் கணவர் மட்டும் திரும்பி வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். சொந்த நாட்டுக்காரர் என்பதால் ஆறு மாதம் ஜெர்மனியில் வசித்ததுமே அவர் இங்கே வழக்குப் போடலாம். நீங்கள் இன்னும் சென்னையில் இருப்பதால், ஜெர்மன் நீதிபதி இந்தியாவின் சிறப்புத் திருமணச் சட்டத்தைக் கையில் எடுத்துத் தீர்ப்பு எழுத வேண்டிவரும்! அதே வழக்கு ஒரு வருடம் தாண்டி வந்தால், கணக்கு மறுபடி மாறும். அப்போது உங்களுக்குப் பொதுவான குடியுரிமை இல்லாததால் வழக்கு நடக்கும் நாட்டின் சட்டம், அதாவது ஜெர்மன் சட்டம். தேதி தள்ளிப் போவதால் மட்டுமே சட்டம் மாறுகிறது.

இந்த அலைச்சலைத் தவிர்க்க ஒரே வழி, எந்தச் சட்டம் என்று இருவரும் சேர்ந்து இப்போதே தேர்ந்தெடுத்து எழுதி வைப்பது. ஒழுங்குமுறையே அதை அனுமதிக்கிறது. ஜெர்மனியில் அதை நோட்டரி முன்னிலையில்தான் செய்ய வேண்டும்.

பழைய_வக்கீல்:

எல்பேக்கரை சொன்னது ஜெர்மன் பக்கம். இந்தியப் பக்கத்தையும் சேர்த்துப் பார்க்காவிட்டால், மஞ்சள்குருவி சொன்ன பெண்ணின் நிலைமைதான் வரும்.

வெளிநாட்டுத் தீர்ப்பை இந்தியா எப்போது ஏற்காது என்பது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 13ஆம் பிரிவில் இருக்கிறது. திருமண வழக்குகளுக்கு அதை விளக்கிய தீர்ப்பு, 1991ல் உச்ச நீதிமன்றம் ஒய். நரசிம்ம ராவ் வழக்கில் சொன்னது. எந்தச் சட்டப்படி திருமணம் நடந்ததோ, அந்தச் சட்டம் ஏற்கும் நீதிமன்றம், அந்தச் சட்டத்தில் உள்ள காரணத்தை வைத்துத் தீர்ப்பளித்திருக்க வேண்டும். விதிவிலக்கு மூன்று. எதிர்த்தரப்பு நிரந்தரமாக வசிக்கும் நாட்டில் வழக்கு நடந்து, நம் சட்டத்தில் உள்ள காரணத்தின் பேரில் தீர்ப்பு வந்திருக்கலாம். எதிர்த்தரப்பு தானாக முன்வந்து ஆஜராகி, அப்படியொரு காரணத்தின் பேரில் வழக்காடியிருக்கலாம். அல்லது விவாகரத்துக்கு எதிர்த்தரப்பு சம்மதம் தெரிவித்திருக்கலாம்.

சிக்கல் எங்கே என்றால், ஜெர்மனியில் விவாகரத்துக்கு ஒரே காரணம் திருமண வாழ்க்கை முறிந்துபோனது. ஒரு வருடம் பிரிந்திருந்து இருவரும் ஒப்புக்கொண்டால் முறிந்ததாகவே எடுத்துக்கொள்வார்கள். மூன்று வருடம் பிரிந்திருந்தால் ஒப்புதலே தேவையில்லை. நம் சட்டப் புத்தகத்தில் 'முறிந்துபோனது' என்று தனியாக ஒரு காரணம் கிடையாது. 2023 மே மாதம் ஷில்பா சைலேஷ் வழக்கில், அரசியலமைப்பின் 142ஆம் பிரிவை வைத்து இந்தக் காரணத்துக்காக விவாகரத்து தரலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் அந்த அதிகாரம் உச்ச நீதிமன்றத்துக்கு மட்டும்தான், குடும்ப நீதிமன்றத்துக்குக் கிடையாது.

அந்தப் பெண் ஆஜராகவில்லை, சம்மதிக்கவும் இல்லை. அதனால் ஜெர்மன் தீர்ப்பு இங்கே நிற்காது. அவளுக்கு வழி இல்லாமல் இல்லை. சிறப்புத் திருமணச் சட்டத்தின் 31ஆம் பிரிவில் 2003ல் வந்த திருத்தப்படி, மனைவி தான் வசிக்கும் ஊர் நீதிமன்றத்திலேயே மனு போடலாம். அவளிடம் சொல்லுங்கள். இரண்டு பேரும் சம்மதித்தால் 28ஆம் பிரிவில் பரஸ்பர சம்மதத்தின் பேரில் விரைவாக முடியும்.

எல்பேக்கரை:

ஐயா சொன்னதன் மறுபக்கமும் உண்டு. இந்தியாவில் வாங்கிய விவாகரத்தும் ஜெர்மனியில் தானாகச் செல்லாது. உங்களைப் போல ஒருவர் ஜெர்மானியராக இருந்தால், அந்தந்த மாநில நீதி நிர்வாகத்திடம் அங்கீகாரம் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். அது வரும்வரை ஜெர்மன் பதிவேட்டில் நீங்கள் மணமானவர்தான்.

ஓய்வூதியத்தையும் மறந்துவிடாதீர்கள். ஜெர்மன் நீதிமன்றத்தில் ஜெர்மன் சட்டப்படி விவாகரத்து நடந்தால், திருமண காலத்தில் இருவரும் சேர்த்த ஓய்வூதிய உரிமைகளை நீதிபதியே சமமாகப் பிரிப்பார். இந்தியாவில் நடந்தால் அந்தப் பங்கீட்டை யாரும் செய்ய மாட்டார்கள், பிறகு ஜெர்மன் குடும்ப நீதிமன்றத்தில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். குழந்தைக்காக வேலையைக் குறைத்துக்கொண்ட பெண்களுக்கு இது சின்னத் தொகை இல்லை.

வடகாற்று:

எல்லாரும் மன்னிக்க வேண்டும். மஞ்சள்குருவி எங்களுக்குள் மனக்கசப்பே இல்லை என்கிறாள், நீங்கள் வரிசையாக விவாகரத்து, விவாகரத்து என்றே பேசுகிறீர்கள். சந்தோஷமாகப் பெட்டி கட்டும் நேரத்தில் நோட்டரியிடம் போய் உட்கார்ந்தால் கணவர் மனம் என்ன பாடுபடும்? ஒரு குடும்பத்தில் நம்பிக்கைதானே முக்கியம்?

நெய்தல்:

வடகாற்று அண்ணா, உங்கள் அக்கறை புரிகிறது. நானும் பதினைந்து வருடத்துக்கு மேல் இப்படிப்பட்ட குடும்பத்தில்தான் இருக்கிறேன், நாங்கள் இருவரும் நன்றாகவே இருக்கிறோம். ஆனால் நல்ல உறவில் இருக்கும்போதுதான் ஒருவர் மற்றவருக்கு நியாயமாக எழுதிக் கொடுக்க முடியும். சண்டை வந்த பிறகு யாரும் அடுத்தவர் பக்கம் நின்று யோசிப்பதில்லை. இன்னொன்றும் இருக்கிறது. இந்தப் பத்திரங்களில் பாதி பிரிவுக்கானவையே இல்லை. யாராவது திடீரென்று இறந்தால், படுக்கையில் விழுந்தால், வேலை போனால் உதவுபவை. என் கணவர் மருத்துவமனையில் சுயநினைவில்லாமல் கிடந்த வாரத்தில், அவர் கையெழுத்துப் போட்டு வைத்திருந்த அதிகாரப் பத்திரம் இருந்ததால்தான் வங்கியிலும் மருத்துவரிடமும் என் பேச்சு எடுபட்டது. அதை எழுதிய நாளில் அவர் கொஞ்சம்கூட வருத்தப்படவில்லை.

தூரதேசம்:

குழந்தை விஷயத்தில் ஒன்று சொல்கிறேன். இந்தியா ஹேக் ஒப்பந்தத்தில் இல்லை. அதனால் அம்மாவுக்கு அதுவே பெரிய பாதுகாப்பு. பிரச்சினை வந்தால் மகளோடு இந்தியாவிலேயே இருந்துவிடலாம், யாரும் ஒன்றும் செய்ய முடியாது. நோட்டரியெல்லாம் எதற்கு?

பழைய_வக்கீல்:

தூரதேசம், இதைப் படிக்கும் யாரும் இந்த அறிவுரையைப் பின்பற்றக் கூடாது என்பதற்காகவே விரிவாக எழுதுகிறேன்.

1980ஆம் வருட ஹேக் ஒப்பந்தம், ஒரு பெற்றோர் மற்றவர் சம்மதம் இல்லாமல் 16 வயதுக்குட்பட்ட குழந்தையை வேறு நாட்டுக்குக் கொண்டுபோனாலோ, திருப்பி அனுப்பாமல் வைத்துக்கொண்டாலோ, குழந்தை வழக்கமாக வாழ்ந்த நாட்டுக்கே விரைவில் திருப்பி அனுப்பச் சொல்கிறது. ஜெர்மனி அதில் இருக்கிறது, இந்தியா இல்லை. சேர வேண்டும் என்று இந்தியச் சட்ட ஆணையம் 2009ல் தன் 218ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தும் இன்னும் சேரவில்லை. அதுவரை உண்மை.

ஆனால் 'யாரும் ஒன்றும் செய்ய முடியாது' என்பது தவறு. தந்தை இந்திய உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடலாம், அப்படிப் பல வழக்குகள் நடந்திருக்கின்றன. 2017ல் நித்யா ஆனந்த் ராகவன் வழக்கில் உச்ச நீதிமன்றம், குழந்தையின் நலனே எல்லாவற்றுக்கும் மேல், வெளிநாட்டு நீதிமன்ற உத்தரவு கவனிக்க வேண்டியவற்றில் ஒன்று என்று சொன்னது. அதாவது ஒவ்வொரு வழக்கிலும் முடிவு வேறாக இருக்கலாம். திருப்பி அனுப்பச் சொன்ன தீர்ப்புகளும் உண்டு. இதற்கிடையில் ஜெர்மனியில் தண்டனைச் சட்டத்தின் 235ஆம் பிரிவில் குற்ற வழக்குப் பதிவாகலாம், ஐந்து வருடம் வரை சிறை. அந்தத் தாய் பிறகு ஐரோப்பாவில் எந்த விமான நிலையத்திலும் நிம்மதியாக இறங்க முடியாது.

எல்லாவற்றையும்விட, இது தாய்க்கு மட்டும் உதவும் ஓட்டை இல்லை. குடும்பம் சென்னையில் குடியேறிய பிறகு தந்தை மகளைத் தூக்கிக்கொண்டு ஜெர்மனிக்குப் போனால், அதே ஒப்பந்தம் இல்லாததால் தாய்க்கும் அந்த விரைவு வழி கிடைக்காது. இரு பக்கமும் குழந்தைதான் ஒரு பெற்றோரை இழக்கிறது.

மஞ்சள்குருவி, நீங்கள் செய்ய வேண்டியது வேறு. மூன்று வருடத்துக்கு என்ன காரணத்துக்காகப் போகிறோம், மகள் எந்தப் பள்ளியில் படிப்பாள், அவளுடைய பாஸ்போர்ட் யாரிடம் இருக்கும், யாராவது ஒருவர் தனியாக அவளை அழைத்துப் பயணம் செய்வதென்றால் எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும், பிரிய நேர்ந்தால் அவள் எங்கே வசிப்பாள் என்று எப்படி முடிவெடுப்பது என்று ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். இது நீதிமன்றத்தைக் கட்டிப்போடாது. ஆனால் நீதிபதி முன்னால் இருவரின் உண்மையான எண்ணம் என்ன என்று காட்ட அதைவிட நல்ல சாட்சி இல்லை.

தூரதேசம்:

இவ்வளவு விவரம் எனக்குத் தெரியாது. நன்றி ஐயா.

மஞ்சள்குருவி:

படிக்கப் படிக்க நெஞ்சு படபடத்தது, ஆனால் தெளிவும் வந்தது. மகள் விஷயத்தை நேற்று இரவே கணவரிடம் படித்துக் காட்டினேன். எழுதி வைக்கலாம் என்று அவரே சொன்னார். அப்புறம் ஃபிளாட், உயில் பற்றி யாராவது சொல்லுங்களேன்.

எல்பேக்கரை:

சொத்துக்கு வேறொரு விதி. 2019 ஜனவரி 29க்குப் பிறகு நடந்த திருமணங்களுக்கு, தம்பதிகள் திருமணத்துக்குப் பின் முதன்முதலாகச் சேர்ந்து வாழ்ந்த நாட்டின் சொத்துச் சட்டம் பொருந்தும். உங்களுக்கு அது ஜெர்மனி. இது நீங்கள் சென்னைக்குப் போனாலும் மாறாது, விவாகரத்துச் சட்டம் போல இடத்துக்கு இடம் அலையாது.

ஜெர்மன் முறையில் அவரவர் சொத்து அவரவருடையதுதான். பிரியும்போது, திருமண காலத்தில் யார் சொத்து எவ்வளவு கூடியது என்று கணக்குப் போட்டு, அதிகம் கூடியவர் அந்த வித்தியாசத்தில் பாதியைப் பணமாகக் கொடுக்க வேண்டும். அப்பா எழுதிக் கொடுத்த ஃபிளாட் உங்கள் ஆரம்பச் சொத்தாகவே கருதப்படும். ஆனால் பணவீக்கத்தைக் கழித்து அதன் மதிப்பு ஏறியிருந்தால் அந்த ஏற்றம் கணக்கில் வரும்! சென்னையில் மனை விலை ஏறும் வேகம் உங்களுக்கே தெரியும். இது வேண்டாம் என்றால் அந்த ஃபிளாட்டை மட்டும் கணக்கிலிருந்து விலக்கி நோட்டரி ஒப்பந்தத்தில் ஒரு பத்தி சேர்க்கலாம். எப்படியானாலும், அப்பா எழுதிக் கொடுத்த தேதியில் அதன் சந்தை மதிப்பு என்ன என்று ஒரு மதிப்பீட்டாளரிடம் அறிக்கை வாங்கி வையுங்கள். பத்திரத்தில் போட்டிருக்கும் வழிகாட்டி மதிப்பை மட்டும் நம்ப வேண்டாம்.

பழைய_வக்கீல்:

உயிலில் நான் அதிகம் பார்த்த தவறு இது. ஜெர்மனியில் முழுக்கத் தன் கையாலேயே எழுதிக் கையெழுத்திட்டால் போதும், சாட்சி தேவையில்லை. அந்தத் தாளைக் கொண்டுவந்து சென்னை ஃபிளாட்டுக்கு உரிமை கோரினால் நிற்காது. இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். இந்தியாவில் உள்ள அசையாச் சொத்துக்கு, நீங்கள் எந்த நாட்டில் வாழ்ந்திருந்தாலும் இந்தியச் சட்டம்தான்.

ஐரோப்பியப் பக்கம், 2015 ஆகஸ்ட் 17 முதல் இறப்பு நேரும்போது வசித்த நாட்டின் சட்டமே முழுச் சொத்துக்கும் என்று ஆக்கிவிட்டார்கள். சென்னையில் வாழும்போது உங்கள் கணவருக்கு ஏதாவது ஆனால், ஜெர்மனியில் சேர்ந்து வாங்கிய வீட்டில் அவர் பங்கு யாருக்கு என்பதற்கு ஜெர்மன் நீதிமன்றம் முதலில் இந்தியச் சட்டத்தைத்தான் திறந்து பார்க்க வேண்டிவரும். அதைத் தவிர்க்க, தன் குடியுரிமை நாட்டின் சட்டமே பொருந்த வேண்டும் என்று உயிலில் ஒரு வரி எழுதலாம். அந்த ஒரு வரி குடும்பத்துக்குப் பல மாத அலைச்சலை மிச்சப்படுத்தும்.

நீங்கள் இந்து, கணவர் வேறு மதம் என்று எடுத்துக்கொள்கிறேன். அப்படியானால் சிறப்புத் திருமணச் சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி, உயில் இல்லாவிட்டால் உங்கள் சொத்துக்கு இந்து வாரிசுரிமைச் சட்டம் பொருந்தாது, 1925ஆம் வருட இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான். இது பலருக்கும், சில வக்கீல்களுக்குமே தெரிவதில்லை. என் யோசனை, இந்தியச் சொத்துக்கு ஓர் உயில், ஜெர்மன் சொத்துக்கு ஓர் உயில். பின்னால் எழுதுவது முன்னதை ரத்து செய்துவிடாதபடி இரண்டிலும் தெளிவாகக் குறிப்பிட வேண்டும்.

நெய்தல்:

யாரும் தொடாத ஒன்று, உங்கள் ஜெர்மன் வசிப்பு அனுமதி. பொதுவாக ஆறு மாதத்துக்கு மேல் வெளியே தங்கினால் அது தானாகக் காலாவதியாகிவிடும். அதில் தற்காலிகம், நிரந்தரம் என்ற பேதமில்லை. ஆனால் நிரந்தர அனுமதி இருந்து, ஜெர்மன் கணவரோடு சேர்ந்து வாழ்ந்துகொண்டிருந்தால் அது காலாவதியாகாது என்று சட்டமே சொல்கிறது. கிளம்பும் முன் வெளிநாட்டினர் அலுவலகத்தில் அதற்கு ஒரு சான்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எனக்கு அந்தச் சான்றைத் தந்த அதிகாரியே, 'முக்கால்வாசிப் பேர் இப்படி ஒன்று இருப்பது தெரியாமலே போய்விடுகிறார்கள்' என்றார். இன்னும் நிரந்தர அனுமதி வாங்கவில்லை என்றால், ஜெர்மானியரின் மனைவி மூன்று வருடத்தில் விண்ணப்பிக்கலாம், அதை முதலில் முடியுங்கள். ஒருவேளை பிரிந்து தனியாகத் திரும்ப நேர்ந்தால் இந்தப் பாதுகாப்பு இருக்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

கணவருக்கும் மகளுக்கும் ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர்கள் விசா இல்லாமல் இந்தியா வந்து தங்க உதவும் அட்டை) எடுப்பது நல்லது. பதிவான திருமணம் இரண்டு வருடம் தொடர்ந்திருந்தால் கணவர் விண்ணப்பிக்கலாம். மகளுக்கு நீங்கள் இந்தியக் குடிமகள் என்பதே போதும். ஆனால் துணைவர் என்ற முறையில் பெற்ற அட்டை, விவாகரத்தானால் ரத்தாகலாம். மகளுடைய அட்டைக்கு அந்த ஆபத்து இல்லை.

தூரதேசம்:

பிறப்புச் சான்று, திருமணச் சான்று எல்லாவற்றுக்கும் அப்போஸ்டில் முத்திரை (ஒரு நாட்டின் சான்றை இன்னொரு நாடு ஏற்பதற்கான முத்திரை) வாங்கினால் போதும்தானே?

எல்பேக்கரை:

இந்த இரண்டு நாடுகளுக்கிடையில் போதாது. இந்தியா அப்போஸ்டில் ஒப்பந்தத்தில் சேர்ந்தபோது ஜெர்மனி ஆட்சேபம் தெரிவித்தது, அதனால் இருவருக்கும் இடையில் அந்த ஒப்பந்தம் செல்லாது. இந்தியச் சான்றிதழை ஜெர்மனியில் காட்டினால், ஜெர்மன் தூதரகம் வழியாக ஆள் அனுப்பிச் சரிபார்க்கச் சொல்வார்கள், அது மாதக்கணக்கில் இழுக்கும். அதனால் உங்கள் திருமணம் ஜெர்மன் பதிவேட்டில் ஏறவில்லை என்றால் இப்போதே விண்ணப்பியுங்கள். ஏறிவிட்டால் பிறகு ஜெர்மன் சான்றையே நீட்டலாம். மகளுக்குப் பதிவு அலுவலகத்தில் பன்மொழிப் பிறப்புச் சான்று கேளுங்கள். அதில் ஆங்கிலமும் இருக்கும், மொழிபெயர்ப்புச் செலவு மிச்சம்.

மஞ்சள்குருவி:

நோட்டரியிடம் நேரம் வாங்கிவிட்டோம். விவாகரத்துக்கு ஜெர்மன் சட்டம், ஃபிளாட்டுக்கு விலக்கு, இரண்டு உயில் என்று சொல்லியிருக்கிறோம். என் ஜெர்மன் பேச்சுக்குப் பரவாயில்லை, ஆனால் சட்ட மொழி புரியாது. கணவர் கூடவே இருந்து சொல்வதாகச் சொல்கிறார், அது போதுமா?

எல்பேக்கரை:

போதாது, சட்டமும் விடாது. உங்களுக்கு மொழி போதவில்லை என்று நோட்டரியிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவர் ஒப்பந்தத்தை வாய்மொழியாக மொழிபெயர்க்க ஏற்பாடு செய்தாக வேண்டும். ஒப்பந்தத்தில் மறுதரப்பாக இருக்கும் உங்கள் கணவர் அந்த மொழிபெயர்ப்பாளராக உட்கார முடியாது. எழுத்திலும் மொழிபெயர்ப்பு வேண்டுமென்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு, கேளுங்கள். வரைவை முன்கூட்டியே வாங்கி, நீங்கள் மட்டும் தனியாக ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். ஒருவர் பலவீனமான நிலையில் கையெழுத்திட்டு, ஒப்பந்தம் முழுக்க ஒரு பக்கமாகவே சாய்ந்திருந்தால், நீதிமன்றம் அதைத் திறந்து பார்க்கலாம் என்று ஜெர்மன் அரசியலமைப்பு நீதிமன்றம் 2001ல் சொல்லியிருக்கிறது. அதனால் உங்களுக்குத் தனி வக்கீல் இருப்பது உங்கள் கணவருக்கும் பாதுகாப்புதான், அவரிடம் அப்படியே சொல்லுங்கள்.

பழைய_வக்கீல்:

இந்தியச் சொத்துக்கான உயிலைச் சென்னை வந்த பிறகு எழுதிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். பதிவு கட்டாயம் இல்லை, ஆனால் பின்னால் சந்தேகம் எழுப்புகிறவர்களுக்கு அதுவே பதில். சாட்சிகளாக உங்களைவிட இளையவர்களை, சென்னையிலேயே இருப்பவர்களைத் தேர்ந்தெடுங்கள், உயிலில் பங்கு பெறுபவர் யாரும் வேண்டாம்.